பஸ் வழித்தடப் போட்டி: வீதியிலா, கேள்விப்பத்திரத்திலா?

கொழும்பு ஹைலெவல் வீதியில் ஓடும் 138ஆம் இலக்க பஸ்களை நாளாந்தம் நம்பியிருப்போர் ஒரு விடயத்தை நன்கறிவர். நுகேகொடையில் பத்து நிமிடம் அசையாது நின்று, பயணிகளைக் கூவி அழைத்து, பின்னர் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும் அதே பஸ், பின்னால் மற்றொரு பஸ் தென்பட்ட கணமே உயிரைத் துச்சமென மதித்துப் பறக்கத் தொடங்கிவிடும். காலி வீதியின் 100, 101ஆம் இலக்க வழித்தடங்களிலும் இதே நிலைதான். சாரதியின் ஒழுக்கக்கேடு என்றே நாம் இதைப் பழித்து வருகின்றோம். சாரதிக்குரிய பழி அவரைச் சாரவே செய்யும். ஆயினும், இருவேறு குணமுள்ள சாரதிகளை அந்த இரு பஸ்களிலும் மாற்றி அமர்த்தினாலும் அவ்வீதியில் நடப்பது பெரிதும் மாறிவிடாது. காரணம், அவர்களை ஓட்டுவது வேறொன்று. அது வழித்தடம் கையளிக்கப்படும் முறை ஆகும்.

தனியார் பஸ்களிற் பெரும்பாலானவை ஒரு பஸ்ஸை அல்லது இரண்டொரு பஸ்களை மட்டுமே வைத்திருக்கும் உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. உரிமையாளர் தமக்கு நாளொன்றுக்கு இவ்வளவு வரவேண்டும் என்று நிர்ணயித்து வண்டியைச் சாரதியிடமும் நடத்துநரிடமும் ஒப்படைப்பார். எரிபொருள் செலவும் அத்தொகையும் போக எஞ்சுவதோ, வசூலில் ஒரு வீதமோ அவ்விருவரின் கூலியாகும். மாதச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி என்பன இத்தொழிலில் உள்ள பலருக்கு எட்டாக்கனியே. ஆகவே அன்றைய நாளின் வருமானம் முழுவதும் தமக்கு முன்னால் போகும் பஸ்ஸுக்கும் தமக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேயே தங்கியுள்ளது. இடைவெளி கூடினால் தரிப்பிடங்களில் ஆட்கள் சேர்ந்திருப்பர். குறைந்தால் வெறும் ஆசனங்கள்தான் மிஞ்சும். இதனால் முன்னால் உள்ளவர் ஊர்கின்றார், பின்னால் வருபவர் முந்துகின்றார். ஏறுவதற்குச் சிரமப்படும் முதியவரும், அரைக் கட்டணம் செலுத்தும் பாடசாலை மாணவரும் இந்தக் கணக்கில் பயணிகளாகத் தெரிவதில்லை. நேரத்தை விழுங்குபவர்களாகவே தெரிகின்றனர். தரிப்பிடத்தைத் தாண்டிப்போய் பஸ் நிற்பதற்கும், கால் தரையில் படுமுன் நகர்ந்துவிடுவதற்கும் இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த வழித்தடங்கள் எவ்வாறு வழங்கப்படுகின்றன? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் மாகாணத்துக்குள்ளான பஸ் சேவை மாகாண சபைகளுக்கு உரியதாயிற்று. மாகாணங்களுக்கிடையிலான சேவையை 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒழுங்குபடுத்துகின்றது. புதிய அனுமதிப்பத்திரத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரப்படும்போது பொதுவாக நோக்கப்படுவது, குறைந்தபட்சத் தொகைக்கு மேல் யார் அதிகம் செலுத்த முன்வருகின்றார் என்பதே. அதாவது இங்கு ஏலத்தில் விற்கப்படுவது சேவை அன்று, வீதியில் நிற்கும் பயணிகளிடம் வசூலிக்கும் உரிமை. ஏலத்தில் கொடுத்த பணத்தை எங்கிருந்து மீட்பது? கட்டணத்தை உயர்த்த உரிமையாளருக்கு அதிகாரமில்லை. அதை அரசாங்கமே ஒரு சூத்திரத்தின்படி நிர்ணயிக்கின்றது. எஞ்சியிருக்கும் வழி, வண்டியில் மேலும் ஆட்களை அடைப்பதும் மற்றவரின் பயணிகளைப் பறிப்பதும்தான். அனுமதிப்பத்திரம் கைமாறும்போது அதன் விலை பஸ்ஸின் விலையையே மிஞ்சிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு என்பது இத்துறையில் உள்ளோர் யாவரும் அறிந்ததே.

இது புதிய நோயும் அன்று. தனி உரிமையாளர்கள் ஒருவரையொருவர் துரத்தி ஓடிய கூத்தை அடக்குவதற்காகவே 1942ஆம் ஆண்டில் ஒம்னிபஸ் சேவை அனுமதிக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒரு வழித்தடம் ஒருவருக்கே என்ற விதியால் சிற்றுரிமையாளர்கள் கம்பனிகளாக ஒன்றிணைய நேர்ந்தது. வீதியில் ஓட்டம் அடங்கிற்று. ஆயினும் கம்பனிகள் தத்தம் பகுதிகளில் ஏகபோகம் செலுத்தலாயின. அதன் விளைவு 1958 ஜனவரி முதலாந் திகதி தேசியமயமாக்கலும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பிறப்பும். 1979இல் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். ஆனால் 1942இல் கற்ற பாடம் அப்போது எவருக்கும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. ஒற்றை பஸ் உரிமையாளர்களின் யுகம் திரும்பிவந்தது. 1990களின் தொடக்கத்தில் அரச டிப்போக்கள் "மக்கள்மயம்" என்ற பெயரில் தனித்தனிக் கம்பனிகளாக்கப்பட்டதும், 2005இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை மீண்டும் உருவாக்கப்பட்டதும் இதன் பிற்கதை.

போட்டி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. போட்டி எவ்விடத்தில் நடக்க வேண்டும் என்பதே கேள்வி. 1859ஆம் ஆண்டிலேயே எட்வின் சட்விக் என்ற ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி, களத்துக்குள் நடக்கும் போட்டியையும் களத்தைப் பெறுவதற்கான போட்டியையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னையது வீதியில் நடப்பது. பின்னையது அலுவலகத்தில், முத்திரையிட்ட உறைகளுக்குள் நடப்பது. அங்கே எவரும் மிதிபலகையிலிருந்து விழுந்து சாவதில்லை.

இரண்டாவது வகைக்கு நீண்டகால உதாரணம் லண்டன் ஆகும். 1984இல் லண்டன் பிராந்தியப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறி, 1985 முதல் ஒவ்வொரு வழித்தடமாகக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டு வருகின்றது. எந்த வழியால் செல்வது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ், எவ்வகை பஸ், என்ன கட்டணம் என்பவற்றையெல்லாம் அதிகாரசபையே தீர்மானிக்கும். "இச்சேவையை நடத்த உமக்கு எவ்வளவு வேண்டும்?" என்பதே கம்பனிகளிடம் கேட்கப்படும் வினா. நமது ஏலத்தில் கூடுதலாகக் கொடுப்பவர் வெல்கின்றார்; அங்கு, தரத்தை நிறைவு செய்வோருள் குறைவாகக் கேட்பவருக்கே வாய்ப்பு அதிகம். பயணிகள் செலுத்தும் கட்டணம் அதிகாரசபையைச் சேரும். கம்பனிக்குக் கிடைப்பது ஒப்பந்தத் தொகை. சாரதிக்குக் கிடைப்பது நேரத்துக்கான சம்பளம். பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தாலும் எழுபது பேர் இருந்தாலும் அவரது ஊதியம் ஒன்றே. முன்னால் செல்லும் பஸ்ஸை முந்துவதால் அவருக்கு ஒரு சதமேனும் கூடப்போவதில்லை.

2001 முதல் இவ்வொப்பந்தங்களில் தர ஊக்குவிப்பு விதியொன்றும் சேர்க்கப்பட்டது. அடிக்கடி பஸ் ஓடும் வழித்தடங்களில், அட்டவணைப்படி பயணி காத்திருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது என்பது அளக்கப்படுகின்றது. அது குறைந்தால் கம்பனிக்கு மேலதிகக் கொடுப்பனவு, கூடினால் கழிவு. ஒப்பந்தம் அப்போது ஐந்து ஆண்டுகளுக்கு. நன்கு நடத்தியவருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள். இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வருவதே அங்கு நட்டம். நமது வீதிகளில் இலாபம் தருவது எதுவோ அதுவே அங்கு தண்டனைக்குரியதாகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் லண்டனைச் சுவர்க்கமாகக் காட்டுவது நேர்மையாகாது. குறைவாகக் கேட்பவருக்கே வழித்தடம் என்றால், கட்டுப்படியாகாத விலைக்குக் கேட்டு மாட்டிக்கொள்பவரும் இருப்பர். ஹரிஸ் பஸ் என்ற கம்பனி அவ்வாறே பல வழித்தடங்களைப் பெற்று 1999இல் நொடித்துப்போயிற்று. அதன் சேவைகளைத் தொடர்வதற்கென அதிகாரசபையே "ஈஸ்ட் தேம்ஸ் பஸ்ஸஸ்" என்ற பொதுத்துறை நிறுவனத்தை நடத்த வேண்டியதாயிற்று. அது 2009இல்தான் விற்கப்பட்டது. கேள்விப்பத்திர விலை குறையும்போது முதலில் வெட்டப்படுவது சாரதியின் சம்பளமே என்பதும் அங்கு கண்ட உண்மை. ஒரே நகரில், ஒரே வேலையைச் செய்யும் சாரதிகள் 18 கம்பனிகளில் வெவ்வேறு சம்பளம் பெறுவதை எதிர்த்து 2015 ஜனவரியில் வேலைநிறுத்தம் நடந்தது.

லண்டனுக்கு வெளியே பிரித்தானியா 1986 ஒக்டோபரில் நேர்மாறான வழியில் சென்றது. யாரும் எங்கும் பஸ் ஓட்டலாம் என்று திறந்துவிடப்பட்டதில், மன்செஸ்டர் போன்ற நகரங்களின் இலாபகரமான வீதிகளில் பஸ்கள் குவிந்தன. மற்றைய இடங்கள் கைவிடப்பட்டன. ஏறத்தாழ நான்கு தசாப்தங்களின் பின்னர், 2023 செப்டெம்பர் தொடக்கம் 2025 ஜனவரி வரை மூன்று கட்டங்களாக, மன்செஸ்டர் பெருநகரம் முழுவதும் லண்டன் முறையிலான ஒப்பந்தத்துக்குத் திரும்பியது. அதற்கு எதிராகப் பஸ் கம்பனிகள் தொடுத்த வழக்கு 2022இல் தள்ளுபடியானது.

நமக்குக் கூடுதலாகப் பொருந்துவது சிங்கப்பூரின் அனுபவமெனலாம். அங்கு வழித்தடங்கள் தொகுதி தொகுதியாகக் கேள்விப்பத்திரத்துக்கு விடப்படுகின்றன. முதலாவது தொகுதியான புலிம், 2015இல், ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 55 கோடி 60 இலட்சம் சிங்கப்பூர் டொலருக்கு டவர் ட்ரான்சிட் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2016 செப்டெம்பரில் நாடு முழுவதும் இம்முறைக்கு மாறியது. பஸ்களும் டிப்போக்களும் அரசுக்கே சொந்தம் என்பதே இங்குள்ள முக்கிய வேறுபாடு. வண்டி வாங்கக் கோடிக்கணக்கில் முதலீடு இல்லாதவரும் போட்டியில் இறங்கலாம். தோற்றவர் வெளியேறும்போது பஸ்களும் அவரோடு போய்விடுவதில்லை.

ஒப்பந்தத்தை அவசரத்தில் எழுதினால் என்ன நேரும் என்பதற்குத் தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோ சாட்சி. அங்கும் சிற்றுரிமையாளர்களின் மஞ்சள் நிற பஸ்கள், ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கைப்படி கூலி பெற்ற சாரதிகள், தரிப்பிடங்களில் ஓட்டப்பந்தயம் எனக் கொழும்பின் மறுபதிப்பே இருந்தது. 2007 பெப்ரவரி 10ஆந் திகதி ஒரே நாளில் அனைத்தும் மாற்றப்பட்டு, பெரிய கம்பனிகளிடம் ஒப்பந்த அடிப்படையில் நகரம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் பயணிகளை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் கம்பனிகளின் வருமானத்துக்குப் பெருமளவு உத்தரவாதம் இருந்தமையால், போதிய பஸ்கள் வீதிக்கே வரவில்லை. முன்னர் அளவுக்கு மீறி ஓடியவர்கள் இப்போது ஓடவே மறுத்தனர்! ஜனாதிபதி மிச்செல் பச்சலெட் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோர நேர்ந்தது. ஓட்டிய கிலோமீற்றரையும், பயணி காத்திருந்த நேரத்தையும் அளக்கும் ஏற்பாடு முதல்நாளே தயாராக இல்லாவிடின் இம்முறையும் வீணே.

இவ்வாறிருக்க, கொழும்பில் இதனைச் செய்யத் தடையாக இருப்பவை எவை? முதலாவது, பணம் யார் கையில் என்பது. நடத்துநரின் விரலிடுக்கில் மடித்து வைக்கப்பட்ட தாள்களில் தொடங்கும் வருமானம், டிக்கெட் கிழிக்கப்படாமலே பலரின் கைகளுக்குப் பிரிந்துவிடுகின்றது. வருமானம் எவ்வளவு என்று தெரியாத அதிகாரசபை ஒப்பந்த விலையை எப்படி மதிப்பிடும்? திறைசேரியின் மீதான நம்பிக்கையின்மை மற்றொன்று. கட்டணத்தை அரசிடம் ஒப்படைத்துவிட்டு மாதக் கொடுப்பனவுக்காகக் காத்திருக்கும்படி சொன்னால், லீசிங் தவணையை மாதந்தோறும் செலுத்தவேண்டிய ஓர் உரிமையாளர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தைப் பேராசை என்று ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. தமது சேமிப்பு முழுவதையும் ஓர் அனுமதிப்பத்திரத்தில் போட்டவருக்கு, அது நாளை வெறும் தாளாகிவிடும் என்ற செய்தி சாதாரணமானதன்று. சிங்கப்பூரைப் போல் பெருந்தொகுதிகளாக வழங்கினால் ஒற்றை பஸ் உரிமையாளர் ஒரே நாளில் காணாமற் போய்விடுவார். லண்டனைப் போல் வழித்தடம் வழித்தடமாக வழங்கினால், சிலர் கூடி ஒரு சிறு கம்பனியாகவேனும் நிற்க இடமுண்டு.

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் நிலை இதில் தனியானது. தனியாரும் சபையும் ஒரே அட்டவணைக்குள் ஓடுவது என்ற ஏற்பாடே பெரும் பிணக்காக உள்ளது. 2025 ஓகஸ்டில் சபையின் தொழிற்சங்கங்கள் ஒருங்கிணைந்த நேர அட்டவணைக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கின. யாழ்ப்பாணத்தில் 2021இல் திறக்கப்பட்ட நெடுந்தூர பஸ் நிலையத்துக்குச் செல்ல மறுத்துச் சபை பழைய நிலையத்திலேயே தங்கியதும், தனியாருடன் அதன் காரணமாக எழுந்த முறுகலும் வடபகுதி வாசகர்கள் அறிந்தவை. இரு தரப்பினரதும் கூலி வசூலில் தங்கியிருக்கும்வரை, ஒரே நிலையத்தில் நிற்பதுகூட ஒருவருக்கு இலாபமாகவும் மற்றவருக்கு நட்டமாகவும்தான் தோன்றும். நொடித்த கம்பனியின் வழித்தடத்தை மறுநாளே பொறுப்பேற்க ஒரு பொதுத்துறை நிறுவனம் தேவை என்பதை ஈஸ்ட் தேம்ஸ் பஸ்ஸஸ் காட்டியிருப்பதால், சபையை அகற்றிவிட்டுச் செய்யும் சீர்திருத்தம் எதுவும் நமக்கு உதவாது.

திறைசேரியைக் காத்திராமல் தொடங்கக்கூடிய ஒரு படி உண்டு. ஒரு வழித்தடத்தின் அனுமதிப்பத்திரதாரர்கள் அனைவரும் நாள் வசூலைப் பொதுக் கணக்கொன்றில் சேர்த்து, அவரவர் அட்டவணைப்படி ஓடிய சுற்றுக்களின் எண்ணிக்கைப்படி பகிர்ந்துகொள்வதே அது. அனுமதிப்பத்திரம் பறிபோகாது; ஒற்றை பஸ் உரிமையாளரும் அவ்வண்ணமே இருப்பார். சாரதிக்கும் நடத்துநருக்கும் சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கலாம். அதற்கு வேண்டியவை, ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒழுங்காக இயங்கும் டிக்கெட் இயந்திரமும், கணக்கைப் பரிசோதிக்க உரிமையாளர்கள் யாவரும் ஏற்கும் ஒருவரும், ஓடாத சுற்றுக்குப் பங்கு கிடையாது என்ற விதியுமே. ஹோமாகமவிலிருந்து கோட்டை வரை நூற்றுக்கணக்கானோரை ஒரே மேசைக்கு அழைத்துவருவது இலகுவன்று என்பதால், குறைந்த எண்ணிக்கையான பஸ்கள் ஓடும் குறுந்தூர வழித்தடமொன்றில் மேல் மாகாண அதிகாரிகள் இதனை முதலில் பரீட்சித்துப் பார்க்கலாம்.