கலப்பு மெய்ம்மை ஹெட்செட்: விலையும் வெகுமக்களும்

கலப்பு மெய்ம்மை ஹெட்செட் என்பது தலையில் மாட்டிக்கொள்ளும் கணினி. அணிந்தவர் இருக்கும் அறை அவர் கண்ணிலிருந்து மறைவதில்லை. அதே அறையின் மேசைமீதும் சுவர்மீதும் கணினி வரையும் உருவங்கள் நிஜப் பொருள்களைப்போல இடம்பிடித்து நிற்கின்றன. தலையைத் திருப்பினாலும் அவை நகர்வதில்லை. அறையை முற்றிலும் மறைத்து வேறோர் உலகைக் காட்டுவது வி.ஆர். எனப்படும் மெய்நிகர் ஹெட்செட். இரண்டும் ஒரே பரம்பரையில் வந்தவை.

ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் புரோ 2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இத்தனை விலை கொடுத்துச் சாதாரண மக்கள் வாங்குவார்களா என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. அந்தக் கேள்விக்கு வயது அதிகம். விலை, முகத்தில் ஏறும் பாரம், மறுநாளும் எடுத்து மாட்டவைக்கும் தேவை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒவ்வொரு காலத்திலும் அதற்கு விடை சொல்லியிருக்கின்றன.

பெயரும் வகையும்

1994இல் பால் மில்கிராம், ஃபூமியோ கிஷினோ என்ற இரு ஆய்வாளர்கள் நிஜ உலகை ஒரு முனையிலும், முழுக்கக் கணினியால் ஆன உலகை மறுமுனையிலும் வைத்து, இடைப்பட்ட பரப்புக்குக் கலப்பு மெய்ம்மை என்று பெயரிட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், மிகை மெய்ம்மை (ஏ.ஆர்.) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். விமானத்துக்கான மின்கம்பிகளைக் கட்டும் தொழிலாளிக்கு வரைபடத்தைக் கண்ணெதிரிலேயே காட்ட வேண்டும் என்பது அங்கே இருந்த தேவை.

இந்த ஹெட்செட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒளி புகும் கண்ணாடியின் மேல் உருவங்களைத் தெரியவைப்பது ஒன்று. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் இவ்வகை. வெளியுலகைக் கேமராவால் பிடித்து உள்ளிருக்கும் திரையில் உடனுக்குடன் காட்டுவது மற்றது. விஷன் புரோவும் மெட்டாவின் குவெஸ்ட் 3உம் இவ்வகை.

முன்னோடி: ஸ்டீரியோஸ்கோப்

இரு கண்களுக்கும் சற்றே மாறுபட்ட படங்களைக் காட்டினால் மூளை அதை ஆழமுள்ள ஒரே காட்சியாகக் காணும் என்பதை 1838இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிக் காட்டினார். இன்றைய ஹெட்செட்டுகள் எல்லாம் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன. இதைக் காட்ட வீட்ஸ்டன் செய்த ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவி கண்ணாடிகளை வைத்துக் கட்டிய ஆய்வுப் பொருள். டேவிட் புரூஸ்டர் லென்ஸ் பொருத்திய சிறு பெட்டியாக அதை மாற்றினார். 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகு வசதி படைத்தோர் வீடுகளில் அது இடம்பிடித்தது.

அதை எளியோர் வீட்டுக்கும் கொண்டுபோனவர் பாஸ்டன் நகர மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1861 வாக்கில் அவர் வடிவமைத்த கருவியில் பெட்டியே இல்லை. நெற்றியோடு ஒட்டும் ஒரு மறைப்பு, இரண்டு லென்ஸ், முன்னும் பின்னும் நகரும் அட்டைதாங்கி, கீழே ஒரு மரக் கைப்பிடி, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்து விற்கட்டும் என்று காப்புரிமையும் பெறாமல் விட்டார். அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட் போன்ற நிறுவனங்கள் எகிப்து, இந்தியா, ஜப்பான் என்று உலகக் காட்சிகளை இரட்டைப் பட அட்டைகளாக அச்சிட்டு, வீடுவீடாக ஆள் அனுப்பி விற்றன. கருவி மலிவானது, கைக்குப் பாரமில்லாதது, பார்க்கப் புதுப்புது அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. கூடத்தில் ஒருவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். ஒரு கருவி ஒரு குடும்பத்துக்கே போதுமானதாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில்

கணினியோடு இணைந்த முதல் தலைக்கருவிகளில் புகழ்பெற்றது ஐவன் சதர்லண்ட் தம் மாணவர்களோடு உருவாக்கி 1968இல் வெளியுலகுக்கு அறிவித்தது. பாதி ஒளி புகும் கண்ணாடி வழியே அறையும், அறைக்குள் மிதக்கும் கோட்டுக் கனசதுரமும் சேர்ந்து தெரிந்தன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளக்கும் இயந்திரக் கை கூரையிலிருந்து தொங்கியதால், கிரேக்கக் கதையில் தலைக்கு மேல் தொங்கும் டெமோக்ளிஸின் வாளின் பெயர் அதற்கு நிலைத்தது.

1980களில் ஜாரன் லேனியரின் வி.பி.எல். ரிசர்ச் நிறுவனம் ஐஃபோன் என்றே ஒலிக்கும் பெயரில் ஒரு தலைக்கருவியை விற்றது. ஆப்பிளின் கைபேசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. விலை ஆயிரக்கணக்கான டாலர். அதை இயக்கும் கணினிக்கு அதைவிடப் பல மடங்கு. ஆய்வகங்களாலும் பெரு நிறுவனங்களாலுமே வாங்க முடிந்தது.

மலிவாகத் தர முயன்றவர்கள்

வீட்டுக்கென்று விலை வைத்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று 1995இல் வந்த நிண்டெண்டோவின் வெர்ச்சுவல் பாய். அமெரிக்க விலை 179.95 டாலர். விலையைக் குறைக்கச் சிவப்பு ஒளி மட்டுமே பயன்படுத்தினார்கள். தலையில் மாட்டும்படியும் இல்லை. மேசைமேல் தாங்கியில் நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும். கழுத்து வலி, தலைவலி, கண் சோர்வு என்ற புகார்கள் எழுந்தன. ஏறத்தாழ 7.7 லட்சம் விற்ற நிலையில், ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது.

2014இல் கூகுள் அதைவிட மலிவான வழியைக் காட்டியது. மடித்த அட்டைப்பெட்டி, இரண்டு லென்ஸ், உள்ளே செருகப் பயனரின் சொந்தக் கைபேசி. இதுதான் கார்ட்போர்டு. 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் சந்தாதாரர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை இலவசமாக அனுப்பியது. மொத்தம் 1.5 கோடிக்கு மேல் பரவியும் பயன்பாடு தேய்ந்துகொண்டே போனது. 2021இல் கூகுள் விற்பனையை நிறுத்தியது. இந்தியாவில் ஜியோ நிறுவனம் 2023 ஐ.பி.எல். பருவத்தில் 1,299 ரூபாய்க்கு விற்ற ஜியோடைவ் இதே வகையைச் சேர்ந்தது. கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்த கருவியே அலமாரிக்குப் போய்விட்டது என்பதால், விலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

விலை உச்சியில்

மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2016இல் மென்பொருள் உருவாக்குநர்களுக்கு 3,000 டாலருக்குக் கிடைத்தது. 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு 3,500 டாலர். புளோரிடாவின் மேஜிக் லீப் நிறுவனம் முதலீட்டாளர்களிடம் 200 கோடி டாலருக்கு மேல் திரட்டி, 2018இல் தன் முதல் கருவியை 2,295 டாலருக்கு வெளியிட்டது. வெகுமக்கள் வாங்கவில்லை. 2020இல் பெரும் ஆட்குறைப்பு செய்து, தொழில் நிறுவனங்களுக்கு விற்பதை நோக்கித் திரும்பியது. ஹோலோலென்ஸின் உற்பத்தி 2024இல் முடிவுக்கு வந்தது.

ஆனால் குறிப்பிட்ட வேலை இருந்த இடத்தில் விலை தடையாக நிற்கவில்லை. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் ஓரியன் விண்கலத்தைப் பொருத்தும் பணியில் ஹோலோலென்ஸைப் பயன்படுத்தியது. எந்தத் துளை எங்கே வரவேண்டும் என்பதைத் தொழிலாளி தாளைப் புரட்டாமல் கலத்தின் மீதே பார்த்தார். சென்னை ஜெம் மருத்துவமனை மருத்துவர்கள் 2024இல் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சைகளில் விஷன் புரோவை அணிந்தனர். அந்தச் சிகிச்சையில் கேமரா காட்டும் படத்தைப் பார்க்க மருத்துவர் பக்கத்துத் திரைக்குத் தலையைத் திருப்பியபடியே இருக்க வேண்டும். ஹெட்செட்டில் படம் கை வேலை செய்யும் திசையிலேயே இருக்கிறது. கழுத்துச் சிரமம் குறைவதற்கும் பிழை குறைவதற்கும் மருத்துவமனை பணம் தரும். வீட்டு வரவேற்பறைக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் கிடைக்கவில்லை.

குவெஸ்ட்: விலை இறங்கியபோது

பால்மர் லக்கி தொடங்கிய ஆக்குலஸ் நிறுவனத்தை 2014இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) சுமார் 200 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. 2016இல் வந்த அதன் மெய்நிகர் ஹெட்செட்டான ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலர். அதற்குத் தகுந்த கணினியையும் சேர்த்தால் 1,500 டாலரை நெருங்கியது. கணினியே தேவைப்படாத குவெஸ்ட் 2019இல் 399 டாலருக்கும், குவெஸ்ட் 2 அடுத்த ஆண்டு 299 டாலருக்கும் வந்தன. விளையாட்டுக் கருவி வாங்கும் விலையில் கிடைத்ததால் குவெஸ்ட் 2 குடும்பங்களுக்குள் நுழைந்தது. அதே நிறுவனம் 2022 அக்டோபரில் 1,499.99 டாலருக்கு விட்ட குவெஸ்ட் புரோ, ஐந்தே மாதத்தில் 999.99 டாலருக்கு இறங்கியது. வண்ணக் கலப்பு மெய்ம்மையை 2023இல் 499 டாலருக்குக் குவெஸ்ட் 3உம், 2024இல் 299.99 டாலருக்குக் குவெஸ்ட் 3எஸ்உம் தந்தன.

இந்த மலிவுக்குப் பின்னால் நிறுவனம் தாங்கும் பெரும் நட்டம் இருக்கிறது. மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2024இல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் இழந்தது.

விஷன் புரோ

படத் தெளிவில் அதற்கு முன் வந்த வீட்டு ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை விஷன் புரோவை எட்டவில்லை. தபால்தலை அளவுள்ள இரண்டு திரைகளில் மொத்தம் 2.3 கோடி படப்புள்ளிகள், 12 கேமராக்கள், கேமரா காண்பதை 12 மில்லிவினாடிக்குள் கண்ணுக்குக் கொண்டுவரும் தனிச் சில்லு. கையில் எதையும் பிடிக்க வேண்டாம். வேண்டியதைக் கண்ணால் பார்த்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொட்டால் போதும்.

வாங்கும்போது ஐஃபோன் கேமராவுக்கு முன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்ட வேண்டும். அந்த அளவுக்கேற்ற முகப்பட்டை வரும். கண்ணாடி அணிபவருக்கு அவருடைய பவருக்கேற்ற தனி லென்ஸ் தேவை. அதற்கு 149 டாலர் கூடுதல். கருவியின் எடை 600 கிராமுக்கு மேல். பேட்டரி 353 கிராம், தனியே சட்டைப்பையில் கிடக்க, கம்பி தலை வரை வரும். முதல் பதிப்பில் ஒரு சார்ஜ் சுமார் இரண்டு மணி நேரம் வந்தது. நீளமான தமிழ்ப் படம் ஒன்று அதற்குள் முடியாது. 2025இல் வந்த எம்5 பதிப்பில் முன்பாரத்தைச் சமன் செய்யத் தலைப்பட்டைக்குள் டங்ஸ்டன் உலோகத்தையே வைத்துத் தைத்தார்கள். மொத்த எடை 750 கிராமைத் தாண்டியது. விலை மாறவில்லை.

2024 ஜூனில் சிங்கப்பூர், ஜப்பான், சீனாவிலும் பின்னர் வேறு சில நாடுகளிலும் விற்பனை தொடங்கியது. எத்தனை விற்றன என்று ஆப்பிள் அறிவிக்கவில்லை. அந்த விலையில் இது வெகுமக்களுக்கான பொருளல்ல, நாளைய தொழில்நுட்பத்தை இன்றே விரும்புவோருக்கானது என்று தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டார். சாம்சங்கின் கேலக்ஸி எக்ஸ்ஆர் 2025 அக்டோபரில் 1,799 டாலருக்கு வந்தது. விலை ஏறத்தாழப் பாதி, எடை 545 கிராம். பேட்டரி இதிலும் தனியேதான்.

கண்ணும் உடலும்

நிஜத்தில் கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உட்புறம் திரும்புகின்றன. கண்ணின் லென்ஸும் அதே தூரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஹெட்செட்டில் கண்கள் உருவத்தின் தூரத்துக்குத் திரும்ப, லென்ஸோ மாறாத ஒரே தூரத்தில் நிற்கிறது. இந்த முரண்தான் கண் சோர்வுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. தலை அசைவுக்கும் காட்சிக்கும் இடையே சிறு தாமதம் வந்தாலும், காட்சி மட்டும் நகர்ந்து உடல் நகராதிருந்தாலும் பேருந்தில் வருவதுபோல வயிற்றைக் குமட்டும். இவை ஆடம்பரக் குறைகள் அல்ல. உடல் மறுப்பதை எந்தத் தள்ளுபடியும் ஏற்கவைக்காது.

மூக்குக் கண்ணாடியை நோக்கி

ரே-பான் மெட்டா என்ற கண்ணாடி 2023 அக்டோபரில் 299 டாலரில் தொடங்கும் விலைக்கு வந்தது. அதில் கேமராவும் ஒலிபெருக்கியும் உண்டு, திரை கிடையாது. எடை சுமார் 50 கிராம். 2025 தொடக்கத்துக்குள் 20 லட்சம் விற்றதாக அதைத் தயாரிக்கும் எசிலோர்லக்சாட்டிகா தெரிவித்தது. வலது கண்ணில் மட்டும் சிறு திரை காட்டும் மெட்டா ரே-பான் டிஸ்பிளே 2025 செப்டம்பரில் 799 டாலருக்கு வந்தது. விஷன் புரோ செய்வதில் சிறு பங்கைத்தான் இவை செய்கின்றன. ஆனாலும் காலையில் மாட்டி மாலையில் கழற்றும் பொருளாக இவை இருக்க முடிகிறது.

சாதாரண நுகர்வோர் என்று சந்தை கணக்கிடுவது தனி மனிதரை. வீட்டில் பணம் போவதோ குடும்பத்தின் கணக்கில். தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் பணம் அதைப் பார்க்கும் எல்லார் தலைக்கும் பங்காகிறது; ஹோம்ஸின் கருவிக்கான பணமும் அது கைமாறியதால் அப்படியே பங்கானது. விஷன் புரோவிலும் விருந்தினருக்குத் தரும் வசதி இருக்கிறது. ஆனால் ஒருவர் முகத்துக்கு அளந்த பட்டையும் ஒருவர் கண்ணுக்குத் தேய்த்த லென்ஸும் அடுத்தவருக்குப் பொருந்துவதில்லை. நால்வர் உள்ள வீட்டில் 3,499 டாலர் என்பது ஒருவருக்கான விலை. அதே வீட்டில் அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று யாரும் கேள்வி கேட்காமல் ஆளுக்கொன்றாக வாங்கும் பொருள் ஏற்கெனவே ஒன்று உண்டு: மூக்குக் கண்ணாடி. கலப்பு மெய்ம்மை அந்த எடைக்கும் அந்த விலைக்கும் இறங்கிவரும்போது, வாங்குவார்களா என்ற கேள்வியே எழாது.