வராண்டாவில் நின்ற மாணவன்

பாரிமுனைப் பக்கம் போனால், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தைச் சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். கல்லூரி மாணவர்களிடையே கிறிஸ்தவ ஊழியம் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று யோசிக்க வைக்கும் இடம் அது.

சென்னை ஒய்.எம்.சி.ஏ. 1890-ல் தொடங்கியது. கிறிஸ்தவக் கல்லூரியும் அப்போது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன்களுக்கு மாலையில் போக இடமில்லை. ஆகவே வேத வகுப்போடு வாசகசாலை, விளையாட்டு, சொற்பொழிவு என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன.

1912-ல் எஸ்.சி.எம். என்ற மாணவர் கிறிஸ்தவ இயக்கம் இந்திய அளவில் உருவானபோது மாணவனின் தேவை மாறியிருந்தது. தேசிய உணர்வு எழும்பிய காலம். கிறிஸ்தவனாகவும் இந்தியனாகவும் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. 1954-ல் யு.இ.எஸ்.ஐ. வந்தது. விடுதி அறையில் மாணவர்களே கூடி, தாங்களே வேதத்தை ஆராய்ந்து, தாங்களே ஜெபக்கூட்டம் நடத்தும் வழக்கம் அதன் வழியே பரவியது.

அப்படி வளர்ந்தவன்தான் நானும். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்து, புதன்கிழமைதோறும் வேத ஆராய்ச்சி நடத்தினேன். பாட்டு, புத்தகம், பேச்சு எல்லாம் ஆங்கிலம். நாங்கள் அப்படித்தான் கற்றிருந்தோம். வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள், போதகர் வீட்டுப் பிள்ளைகள்.

கிராமத்திலிருந்து பி.யு.சி. படிக்க வந்த பையன் ஒருவன் இரண்டு வாரம் வந்தான். மூன்றாம் வாரம் வராண்டாவிலேயே நின்றான். "ஏன் தம்பி உள்ளே வரல?" என்றேன்.

"கூட்டத்துல பேசுறது புரியல சார். வகுப்புலயும் அப்படித்தான்."

"ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த வருஷம் ஆங்கிலத்தில் தோற்று, அவன் ஊருக்கே திரும்பிவிட்டான்.

மறு வருஷம் கூட்டத்தைத் தமிழுக்கு மாற்றினேன். கூட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் ஆங்கில இலக்கணம். "இது ஊழியமா, டியூஷனா?" என்று மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். முப்பது பேர் வந்தார்கள். சிலர் இலக்கணம் முடிந்ததும் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போவார்கள். முதலில் மனம் சங்கடப்பட்டது, பிறகு பழகிவிட்டது.

1978 முதல் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. செமஸ்டர் முறை பரவியது. தேர்வு மேல் தேர்வு என்று வந்ததும் புதன்கிழமைக் கூட்டம் தள்ளாடியது. இருபது நிமிடமாகச் சுருக்கி, மதிய இடைவேளைக்கு மாற்றினோம்.

இப்போது என் பேத்தி பொறியியல் படிக்கிறாள். பிளேஸ்மென்ட் பயிற்சி முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் குழு போனிலேயே கூடுகிறது. "இது ஒரு கூட்டமா?" என்று கேட்டேன்.

"பாதி நேரம் யாராவது அழுவாங்க தாத்தா. நாங்க கேட்டுக்கிட்டு இருப்போம். அப்புறம்தான் ஜெபம்" என்றாள்.

நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனிடம் இன்னும் ஐந்து நிமிடம் வராண்டாவிலேயே நின்று பேசியிருக்கலாம்.