பள்ளிக்கூடம் யாருடைய சொத்து? சப்ரகமுவ தோட்டங்களின் ஒரு பழைய கேள்வி

மாதக் கட்டணம் கட்டிப் பிள்ளையை டவுன்ல இருக்கிற தனியார் பாடசாலைக்கு அனுப்புற குடும்பங்கள் இன்றைக்கு தோட்டங்களிலும் இருக்கு. இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, அவிசாவளை பக்கம் காலையில வேன் வரும். பிள்ளை டை கட்டிக்கொண்டு ஏறும். அம்மா கொழுந்துக்கோ அப்பா பால் வெட்டுக்கோ போயிருப்பாங்க. இல்லாவிட்டால் அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்பார்.

அப்படிப்பட்ட பாடசாலை ஒன்று தள்ளாட ஆரம்பித்தால் என்ன ஆகும்? டீச்சர்மார் ஒவ்வொருத்தராக விலகுவாங்க. கட்டணம் கூடும். அடுத்த தவணை பள்ளி நடக்குமா என்று கேட்டால் ஒழுங்கான பதில் வராது. "மூடிட்டா பிள்ளைய எங்க கொண்டுபோய் சேக்குறது? கட்டின காசு என்னாகும்?" என்று பெற்றோர் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வாங்க. 2020இல் கொவிட் வந்தபோதும், 2022இல் பொருளாதாரம் விழுந்தபோதும் இந்தப் பேச்சு நாடு முழுக்க இருந்தது. 2022 மார்ச்சில் பரீட்சைத்தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லை என்று மேல் மாகாண அரச பாடசாலைகளிலேயே தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். அரசுக்கே அந்த நிலை என்றால், கட்டணத்தை மட்டும் நம்பி நடக்கும் சின்னத் தனியார் பாடசாலையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இது புதுப் பிரச்சினை மாதிரித் தெரியும். ஆனால் மலையகத் தமிழருக்கு இது எழுபது வருடப் பழக்கம் உள்ள பிரச்சினை. தோட்டப் பள்ளிக்கூடம் என்று நம்ம தாத்தா பாட்டி சொன்னாங்களே, அதுவும் ஒரு தனியார் பாடசாலைதான். முதலாளி தோட்டக் கம்பனி, முகாமையாளர் துரை.

துரையின் பள்ளிக்கூடம்

ஆரம்பத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க யாருக்கும் சட்டக் கடமை இருக்கவில்லை. 1850களில் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் சில தோட்டங்களில் பள்ளிகளை நடத்தியது. துரைமாரின் நன்கொடையும் மிஷன் பணமும்தான் அதற்கு ஆதாரம். இன்னும் சில இடங்களில் கங்காணியின் ஆதரவில் எழுத்துத் தெரிந்த ஒருவர் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். துரை மாறினாலோ, கங்காணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு தோட்டம் போனாலோ பள்ளியும் போய்விடும்.

சட்டம் வந்தது 1907இல். கிராமப் பாடசாலைகள் சட்டம், தன் தோட்டத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விச் சட்டமும் அதையே தொடர்ந்தது. கட்டடம் கொடுப்பதும் ஆசிரியர் வைப்பதும் தோட்டத்தின் வேலை. பரிசோதகர் வந்து பார்ப்பார், திருப்தி என்றால் அரசு உதவிப்பணம் கொடுக்கும்.

இந்த 10 வயதைக் கொஞ்சம் கவனிங்க. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது, 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று சொன்னது. அதாவது, பள்ளிக்கூடத்துக் கடைசி நாளும் செக்ரோலில் பேர் விழக்கூடிய முதல் நாளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பிள்ளை எவ்வளவு படிக்கணும் என்பதைத் தோட்டத்துக்கு எப்போது ஆள் வேண்டும் என்பதே தீர்மானித்தது. பெற்றோரை யாரும் கேட்கவில்லை.

பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். அந்த மாஸ்டருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். வீடு கொடுப்பதும் தோட்டம். அவர் பெற்றோர் பக்கம் நின்று துரையிடம் ஏதாவது கேட்டால் அவருடைய வேலையும் போகும், வீடும் போகும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவேண்டும் என்றால் டவுனுக்குப் போகவேண்டும். தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

சப்ரகமுவவில் இது இன்னும் கஷ்டம். நுவரெலியா மாவட்டம் மாதிரி இங்கே தோட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இல்லை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, எஹலியகொடை, றக்வானை, காவத்தை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்தில் சில டசின் பிள்ளைகள், அடுத்த தமிழ்ப் பள்ளிக்கு மைல் கணக்கில் நடை. கேகாலைப் பக்கம் பல தோட்டங்கள் இறப்பர். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, பேர் விழாது, சம்பளம் இல்லை. தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற இந்த மண்ணில் இப்படிப் போகிற நாட்கள் கொஞ்சமில்லை. மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டணமாகக் கட்டுவது அன்றைக்கும் இங்கே லேசில்லை, இன்றைக்கும் லேசில்லை.

இலவசக் கல்வி வந்தது, லயத்துக்கு வரவில்லை

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை. நாட்டின் பெருமையாக இன்றும் இதைச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவை துரைமாரின் கையிலேயே இருந்தன. 1947இல் அவற்றை அரசிடம் கொண்டுவரச் சட்டத்தில் இடம் செய்தும் வேலை நகரவில்லை.

நகராததற்கு ஒரு காரணம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அந்த ஏழில் ஒன்றுகூட சப்ரகமுவவில் இல்லை. அடுத்த வருடம் குடியுரிமை போனது, பின்னாலேயே வாக்கும் போனது. வாக்கு இல்லாத பெற்றோரின் பள்ளிக்காக எந்த எம்.பி. எழுந்து பேசுவார்? அதே காலத்தில் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெற்றோர் தங்கள் எம்.பி.யிடம் போய்க் கட்டடம் கேட்டார்கள், ஆசிரியர் கேட்டார்கள், விஞ்ஞான ஆய்வுகூடம் கேட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மகா வித்தியாலயம் வளர்ந்தது, இந்தப் பக்கம் அதே ஒற்றை அறை நின்றது.

1960: இரண்டு விதமான பெற்றோர்

இந்த வித்தியாசம் முழுசாகத் தெரிந்தது 1960இல். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தது: 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும். மிஷன்களிடமும் இந்துச் சபைகளிடமும் மற்றவர்களிடமும் இருந்த பாடசாலைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை அரசிடம் போயின.

கத்தோலிக்கப் பெற்றோர் கொதித்தார்கள். பல ஊர்களில் பாடசாலைக் கட்டடங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள், இரவும் அங்கேயே தங்கினார்கள். தங்கள் பிள்ளைகளின் பாடசாலைக்கு என்ன ஆகப்போகிறது என்ற பயம்தான் அவர்களை அங்கே கொண்டுபோனது. பம்பாய் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசிய பிறகே, 1961 ஆரம்பத்தில், அந்த நெருக்கடி தணிந்தது. பொறுப்பேற்பு சரியா பிழையா என்பது வேறு விவாதம். கத்தோலிக்கரல்லாத பல பெற்றோர் அதை வரவேற்றார்கள், அதற்கு அவர்களிடம் நியாயமும் இருந்தது. இங்கே பார்க்கவேண்டியது, அந்தப் பெற்றோரின் பேச்சு பிரதமர் வரை போனது என்பதை.

அரசிடம் போக மறுத்த சில பத்துப் பெரிய பாடசாலைகள் தனியாராகவே நின்றன. நிபந்தனை கடுமை: அரசு உதவி கிடையாது, கட்டணமும் வாங்கக்கூடாது. பழைய மாணவரும் பெற்றோரும் நிதி சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படியும் சில பாடசாலைகள் தாக்குப்பிடிக்க முடியாமல் பின்னர் தாங்களாகவே அரசிடம் போய்ச் சேர்ந்தன. போய்ச் சேர ஓர் இடம் இருந்ததால் பிள்ளைகள் தெருவில் நிற்கவில்லை.

தோட்டப் பள்ளிகளை மட்டும் இந்தப் பொறுப்பேற்பு தொடவில்லை. அவை பழையபடி தோட்டத்திடமே விடப்பட்டன. தோட்டத்துப் பெற்றோரும் ஒரு தனியார் முதலாளியின் பாடசாலையைத்தான் நம்பி இருந்தார்கள். கொடுத்துவிடாதே என்று கத்தோலிக்கப் பெற்றோர் கட்டடத்துக்குள் உட்கார முடிந்தது. எங்களுடையதையும் எடுத்துக்கொள் என்று கேட்கக்கூட தோட்டத்துப் பெற்றோருக்கு வாக்கு இல்லை.

எல்லாம் ஒரே நேரத்தில்

கடைசியில் 1970களில்தான் மாற்றம் வந்தது. ஆனால் அது அமைதியாக வரவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியா போகவேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. கப்பல் ஏறும் குடும்பங்களோடு வகுப்பறையும் காலியானது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரிடம் இருந்த தோட்டங்களையும், 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. சில தோட்டங்கள் துண்டு போடப்பட்டன, தொழிலாளர் வேலையும் லயமும் இழந்தார்கள். 1973–74இல் தோட்டங்களில் பட்டினி. பள்ளிக்கூடத்தின் முதலாளியே யார் என்று தெரியாத வருடங்கள் அவை.

1977இலிருந்து தோட்டப் பள்ளிகள் கட்டம் கட்டமாக அரச பாடசாலைகள் ஆயின. ஆனால் ஒழுங்காக மூச்சுவிடவும் விடவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, றக்வானைப் பக்கம் தோட்டத் தமிழர் மீது வன்முறை. இரண்டு வருடத்தில் 1983 ஜூலை. எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே போயின, இன்னும் சிலர் இந்தியா போனார்கள். கையில் இப்போதுதான் கிடைத்த பாடசாலையை விட்டுவிட்டுப் போனார்கள்.

இருந்தும் அந்தப் பொறுப்பேற்பு வேலை செய்தது. 1980களில் தோட்டத்து இளைஞர்களுக்கே ஆசிரியர் நியமனம் கிடைத்தது. சுவீடனின் சீடா உதவியால் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இன்று நமக்கு ஓ.எல். வரை பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர்மார் பலர் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

இன்னொரு சாட்சி 1992. அந்த வருடம் அரச தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது. வேலை நாட்கள், வீடு, வைத்தியம் எல்லாவற்றிலும் அதன் அடி விழுந்தது. ஆனால் கம்பனி மாறியதால் பள்ளிக்கூடம் மூடப்படவில்லை, மாஸ்டரின் சம்பளம் நிற்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் பள்ளி தோட்டத்தின் கையை விட்டுப் போயிருந்ததுதான் காரணம்.

திரும்பவும் கம்பனி

இப்போது டவுன் பாடசாலைக்குத் திரும்புவோம். 1961 சட்டம், 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்தபோது அதற்கு ஒரு சுற்றுவழி கிடைத்தது. சர்வதேசப் பாடசாலை என்று போர்டு போட்டவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டு நடக்கின்றன. கல்வி அமைச்சின் பிடி அவற்றில் மிகக் குறைவு. நம்ம பாட்டி படித்த பள்ளி ஒரு கம்பனியின் சொத்து. பேத்தி படிக்கும் பள்ளியும் ஒரு கம்பனியின் சொத்து.

அனுப்புகிற பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தோட்டத்துப் பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லை, ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை, ஏ.எல். விஞ்ஞானம் படிக்க மாவட்டத்தையே விட்டுப் போகவேண்டும் என்றால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் சேர்க்கும் முன் சில கேள்விகளைக் கேட்கலாம். பதிவு யார் பேரில் இருக்கிறது? கட்டடம் சொந்தமா வாடகையா? இடையில் மூடினால் முற்பணம் திரும்பி வருமா, எழுத்தில் தருவார்களா? விடுகைப் பத்திரத்தை அரச பாடசாலை ஏற்குமா? பிள்ளை எந்தப் பரீட்சைக்குத் தோற்றும், உள்ளூர் ஓ.எல்.லா, லண்டன் ஓ.எல்.லா? இதையெல்லாம் ஒரு அம்மா தனியாகக் கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவாங்க. முப்பது பெற்றோர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கு. வசதி கொஞ்சம் கூடிய குடும்பங்கள் வேன் ஏறும்போது தோட்டத்துப் பாடசாலையின் தொகை குறைகிறது. தொகை குறைந்தால் ஆசிரியர் குறைப்பு, பிறகு பக்கத்துப் பாடசாலையோடு இணைப்பு என்ற பேச்சு வரும். தமிழ்ப் பாடசாலைகள் தூரந்தூரமாக இருக்கிற சப்ரகமுவவில் ஒன்று போனால் அடுத்தது நடந்து போகிற தூரத்தில் இல்லை. டவுன் பாடசாலை ஒருநாள் கதவை மூடினால் அந்தப் பிள்ளை திரும்பி வரவேண்டிய இடமும் இதே தோட்டத்துப் பாடசாலைதான்.

அரச பாடசாலையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருக்கு. அதில் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் இடம் உண்டு. நம்மில் எத்தனை பேர் அதன் கூட்டத்துக்குப் போயிருக்கிறோம்? பிள்ளையின் பள்ளியைப் பற்றிப் பேச ஒரு நாற்காலி, தோட்டப் பள்ளிக் காலத்தில் எந்தப் பெற்றோருக்கும் கிடைக்காத ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோ அப்பாவோ போகட்டும். அவங்களுக்கு அன்றைக்குப் பேர் போய்விடும் என்றால், பழைய மாணவர் என்ற முறையில் நாம போவோம்.