ஹாஃப் காஸ்ட்

போர்த்துகீசிய மொழியில் ‘காஸ்டா’ என்றால் குலம், வம்சம். இந்தியச் சாதிகளைக் குறிக்கப் போர்த்துகீசியர் பயன்படுத்திய இந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ ஆனது. ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்களை ஆங்கிலேயர் ‘ஹாஃப் காஸ்ட்’, அதாவது ‘அரைச் சாதி’ என்றார்கள்.

சொல் கப்பலேறி பிரிட்டனுக்கும் போனது. லிவர்பூலில் ஆப்பிரிக்க மாலுமிகளுக்கும் வெள்ளைக்காரப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை 1930இல் மியூரியல் ஃப்ளெட்சரின் ஆய்வறிக்கை இப்பெயரிட்டே ஒரு ‘பிரச்சினை’யாகச் சித்தரித்தது. உழைத்துப் பிழைத்த குடும்பங்கள்மேல் சுமத்தப்பட்ட கொடிய பழி அது.

கயானாவில் பிறந்த ஜான் அகார்ட் ‘ஹாஃப் காஸ்ட்’ என்பதையே தலைப்பாக்கி எழுதிய கவிதை அந்த ‘அரை’யைக் கேள்வி கேட்டது, பிரிட்டன் பள்ளிப் பாடமும் ஆனது.

இன்று ‘ஹாஃப் காஸ்ட்’ ஒரு வசைச்சொல். பிரிட்டனின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘மிக்ஸ்டு’, அதாவது ‘கலப்பு’ என்ற தனிப் பிரிவு வந்தது. 2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 17 லட்சம் பேர் அதில் பதிவானார்கள்.