ஒருங்கிணைப்பு

எங்கள் தெருவில் புதிதாகப் போட்ட தார்ச்சாலையைக் குடிநீர்க் குழாய்க்காக மூன்றாம் மாதமே தோண்டினார்கள். "துறைகளுக்குள்ள ஒருங்கிணைப்பு இல்லைங்க" என்றார் அங்கிருந்த பொறியாளர். அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. 'ஒருங்கு' என்றால் ஒருசேர, முழுவதும். திருக்குறளிலேயே அப்படி வருகிறது. 'இணை' என்பது ஜோடி: இணையடி, இணைபிரியாத நண்பர்கள். ஜோடியில் இரண்டும் இரண்டாகவே நிற்கும், ஒன்று மற்றதில் கரையாது. இன்றோ 'ஒருங்கிணைப்பு' இரண்டு வேலை பார்க்கிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில், ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி எல்லாவற்றையும் அங்கன்வாடி வழியாகச் சேர்த்துத் தருவது என்று பொருள். மாவட்ட ஆட்சியர் கூட்டும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் எந்தத் துறையும் இன்னொன்றோடு சேர்வதில்லை. யார் முதலில், யார் பிறகு என்று பேசி முடிவெடுக்கிறார்கள். இந்த இரண்டாவது பொருளுக்கு 'இசைவு' எனக்குப் பிடிக்கிறது. இசைதல் என்றால் உடன்படுதல். நாகஸ்வரமும் தவிலும் தனித்தனியாக இருந்துகொண்டே ஒரே தாளத்தில் போவதும் அதில் கேட்கிறது. ஆனால் அலுவலகத் தமிழில் இசைவு என்றால் சம்மதம், அனுமதி என்றாகிவிட்டது. 'ஒத்திசைவு' என்று சொன்னால் அந்தக் குழப்பம் வராது.