தாளத்தின் நாதம்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் வீதியிலே, இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்தது மருதனார்மடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய இடம் இது. 1960இல் அவருடைய மருகர் சு. நடேசபிள்ளை இங்கே இசைக் கல்லூரியைத் தொடக்கினார். அது 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அயலூராகிய இணுவிலோ தவிலுக்குப் பேர்போனது. 1933இல் அங்கே பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் புகழை ஈழமும் தமிழகமும் ஒருங்கே அறியும்.

தவிலைப் புகழ்வோர் பலர். அதன் அருகே ஒலிக்கும் தாளத்தை நினைப்போர் சிலரே. கைக்குள் அடங்கும் இரண்டு வட்டங்கள்தாம் அக்கருவி. ஆயினும், தவில் வித்துவான் கணக்குகளை எத்துணை நுட்பமாகப் பின்னினாலும், தாளம் இடம் பிசகாது ஒலித்தாலன்றோ அப்பின்னல் கேட்போருக்கு விளங்கும்?

இக்கருவியின் வரலாறு நெடியது. சங்க நூலாகிய மலைபடுகடாம் இதனைப் 'பாண்டில்' என்று வழங்குகிறது. சீகாழிக்கு அணித்தான திருக்கோலக்காவிலே திருஞானசம்பந்தர் பொற்றாளம் பெற்றார் என்பது வரலாறு. அத்தலத்து அம்பிகைக்கு 'ஓசை கொடுத்த நாயகி' என்பது திருநாமம். பொன்னுக்கு ஓசையைத் தனியே அருள வேண்டியிருந்தது ஏன்? பொன் மென்மையான உலோகம். தட்டினால் நாதம் நில்லாது. செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலமே கணீரென்று ஒலிப்பது. உலோகத்தின் இயல்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அத்திருநாமமே சான்று.

உலோகம் மட்டுமன்று, வடிவும் குரலை ஆக்குகிறது. நமது தாளம் சிறியது, தடிப்பானது, நடுவே குழிந்தது; ஆகையால் ஒலி உயர்ந்து கூர்மையாய் எழும். சீன நாட்டுத் தாளமோ அகன்றது, மெல்லியது. விளிம்பு மேல்நோக்கி வளைந்தது. அதன் ஒலி முரட்டுத்தனமாய் வெடித்தெழுந்து விரைவில் அடங்கிவிடும். சீன நாடக அரங்கிலே போர்க்காட்சிக்கு அது பொருந்துவது இதனாலேயே.

இவ்விரண்டும் அந்நியமல்ல. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் இந்திய இசையோடு மத்திய ஆசியா வழியாகச் சீனம் புகுந்தது இவ்வகைக் கருவி என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே புதுவடிவு பெற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஜாஸ் வாத்தியக்காரரின் கைக்குச் சென்றது. அவர்கள் அதைத் தாங்கியில் பொருத்திக் கோலால் அடித்தனர். இன்று 'சைனா சிம்பல்' என்று டிரம்ஸ் வாசிப்போர் கூறுவது அதன் வழிவந்ததே.

ஒரே குலத்துக் கருவி இரண்டு தொழில்களை மேற்கொண்டது. சீனத் தாளம் ஒரு கணத்தை முழக்கிக் காட்டுகிறது. நமது தாளமோ காலத்தை அளந்து காட்டுகிறது. முழக்கத்தை யாரும் கவனிப்பர். அளவையோ பிழைத்த பொழுதுதான் பலர் கவனிப்பர். ஆதலால், கோயில் வீதியிலே மேளக் கச்சேரி கேட்கும்போது, நேயர்களே, தவிலுக்குச் செவி கொடுத்தபின் சிறிது நேரம் தாளத்துக்கும் செவி கொடுங்கள். லயம் நிற்கும் நிலம் எதுவென்பது அப்பொழுது புலப்படும்.