மலைகளின் இளவரசிக்குக் காதல் பட்டம் சூட்டியது யார்?

கல்யாணம் முடிந்த கையோடு புது மாப்பிள்ளையிடம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஊட்டியா, கொடைக்கானலா?" என்பதுதான். உலகத்துக்குக் காதல் என்றால் பாரிஸ். தமிழ்நாட்டுக்குக் கொடைக்கானல்!

ஆனால் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் யாரும் காதலுக்காக மலை ஏறவில்லை. 1834ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளின் வீடுகளில் காலராவும் காய்ச்சலும் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் கொண்டுபோயின. மிஞ்சியவர்கள் பிழைக்க வேண்டுமே என்று 1845ல் செண்பகனூருக்கு மேலே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அன்றைக்கு ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையில் ஏற வேண்டும், இல்லையென்றால் கூலிகள் டோலியில் சுமந்து போவார்கள். இன்று ஜோடிகள் படகு விடும் ஏரியே 1863ல்தான் வந்தது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியது அது.

பிரெஞ்சுக்காரர்களும் இந்த மலைக்கு வந்தார்கள். காதலுக்குப் பேர்போன நாட்டிலிருந்து வந்தவர்கள் யார் தெரியுமா? பிரம்மச்சாரிகள்! மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார்கள். 1860களில் சேன் சீர் அடிகளார் சலேத் மாதாவுக்கு இங்கே கோயில் எழுப்பினார். (பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1846ல் ஆடுமாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்குக் காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் மாதா.) 1895ல் செண்பகனூரில் அவர்களுடைய இருதயக் கல்லூரி வந்தது. அங்கே இருந்த லூயி ஆங்லாத் என்ற பாதிரியார் பழனி மலைச் செடிகளை வாட்டர்கலரில் வரைந்து குவித்தார். இந்த மலையின் கற்திட்டைகளைப் பற்றி இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து அவர் எழுதிய நூலை 1928ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. மலையில் பிரெஞ்சுக்காரர் செய்த வேலை இப்படிப்பட்டது.

அப்படியானால் பிரெஞ்சுக்காரர் என்றாலே காதல், சிருங்காரம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெளியூர்க்காரர் வாயிலிருந்துதான். வெட்கப்பட வேண்டிய எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ்காரன் முன்னால் 'பிரெஞ்சு' என்று ஒட்டிவிடுவான். பால்வினை நோய்க்கு 'பிரெஞ்சு நோய்', ஆணுறைக்கு 'பிரெஞ்சு லெட்டர்'. பிரெஞ்சுக்காரன் சும்மா இருப்பானா? அதே ஆணுறைக்கு அவன் வைத்த பெயர் 'இங்கிலீஷ் தொப்பி'! 1815ல் நெப்போலியன் தோற்றதும் ஆங்கிலேயர் கூட்டம் கூட்டமாகப் பாரிசுக்குப் போனது. வீட்டில் செய்யத் துணியாததைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஊரே கடை விரித்தது. 1889ல் திறந்த மூலான் ரூஷ் அந்தக் கடைகளில் ஒன்று. 1967ல் இந்தி சினிமாகூட 'ஆன் ஈவினிங் இன் பாரிஸ்' என்று பெயர் வைத்துக் கூட்டம் சேர்த்தது. பிரான்சில் காதல் கவிதையே இல்லை என்று சொல்ல முடியாது. 12ஆம் நூற்றாண்டில் அதன் தென்பகுதியில் த்ரூபதூர் என்ற பாணர்கள் காதலைப் பாடியவர்கள்தான். ஆனால் பாட்டு வேறு, பட்டம் வேறு.

கொடைக்கானல் கதையும் ஏறத்தாழ இதேதான். மலைக்குக் காதல் பட்டம் கட்டியது கீழ்நாடு. தமிழ் அகத்திணை மரபில் மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். காதலர் முதன்முதல் சேரும் இடம் மலை என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியவர்கள் எல்லாம் மலைவாசிகளா என்ன? குறிஞ்சி பாடியவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர். பெயரே சொல்கிறது, மதுரையில் துணி விற்றவர்! திணைக்குப் பெயர் கொடுத்த நீலக்குறிஞ்சியும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. 2006, 2018, அடுத்தது 2030. இவ்வளவு காத்திருக்க வைக்கும் பூவை விட்டுவிட்டு மல்லிகையையா கவிஞன் பாடுவான்?

இதிலும் ஒரு முரண். 1936ல் கொடைக்கானலில் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும். வள்ளியைக் காதலித்த அதே முருகன், பழனியில் கோவணாண்டியாக நிற்கிறார்.

மலைப்பாதையும் பஸ்ஸும் வந்த பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். (1961ல் வந்த ஸ்ரீதரின் 'தேன் நிலவு' மட்டும் காஷ்மீருக்குப் போய்விட்டது, பாவம்.) வெள்ளைக்காரன் 'பிசாசின் சமையலறை' என்று பெயர் வைத்த பள்ளத்துக்கு, 1991க்குப் பிறகு ஒரு கமல் படத்தால் குணா குகை என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் படத்தின் காதல் பாட்டு, 2024ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததும் நண்பர்களின் பாட்டாக மாறியது தனிக்கதை.

மலையில் குடியிருப்பவர்களுக்கு இந்த மலை வேறு. பூம்பாறையில் கேட்டால் பூண்டு விலையைச் சொல்வார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காட்டுக்குள் பளியர்கள் பரம்பரையாகப் பாறை இடுக்குகளில் கொடி கட்டி இறங்கித் தேன் எடுத்தவர்கள். பெரும்பாலும் இருட்டில்தான் இறங்குவார்கள். நிலா வெளிச்சம் இருந்தால் தேனீ கொட்டும்.